கிராம சபைக்குப் போய் என்ன ஆகப்போகிறது?

கேள்வி: ஆகஸ்ட் 16, 2024

வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நேத்து எங்க ஊர்லயும் கிராம சபை நடந்துச்சு. நான் போகல. போய் என்ன ஆகப்போகுது? நோட்டுல கையெழுத்து வாங்குவாங்க, டீ கொடுப்பாங்க, முடிஞ்சுது. பேச்சுரிமை, கருத்துரிமை எல்லாம் ஹைகோர்ட்டுல காப்பாத்த வேண்டிய விஷயம். ஊர் மரத்தடியில உட்கார்ந்து காப்பாத்த முடியுமா? போனவங்க யாராவது சொல்லுங்க."

ஆகஸ்ட் 16, இரவு

முடியும். நேற்று எங்கள் ஊரில் நடந்ததையே எழுதுகிறேன்.

நான் இருப்பது ஏற்காடு மலையில். இரண்டு ஏக்கரில் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. ஊராட்சியின் பெயர் வேண்டாம், சின்ன ஊர், யார் யார் என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூட வராண்டாவில் கூட்டம். பதினோரு மணி ஆகியும் மூடுபனி விலகவில்லை, பிளக்ஸில் போட்டிருந்த வரவு செலவுக் கணக்கை மூக்கு முட்டப் பக்கத்தில் போய்த்தான் படிக்க முடிந்தது. உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, நீள நோட்டு கைக்குக் கை வந்துவிட்டது. என்னிடம் வந்ததும் பின்னால் புரட்டிப் பார்த்தேன். மூன்று பக்கம் வெறுமனே விட்டு நாலாம் பக்கத்திலிருந்து கையெழுத்து. தீர்மானம் எங்கே என்று கேட்டால், "அப்புறம் எழுதிக்கலாங்க்கா, மழை வர்ற மாதிரி இருக்கு" என்கிறார் ஊராட்சி செயலர். பக்கத்தில் பெரியம்மா ஒருத்தர் கட்டைவிரலை மை பேடில் ஒற்றி நீட்டியபடி காத்திருந்தார். நான் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். "எழுதி, சத்தமா படிங்க. அப்புறம் போடறேன்." பெரியம்மா என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அந்த ஊதாக் கறை துவைத்தாலும் போகாது.

அதற்கு மேல் ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றாக எழுதிப் படித்தார்கள். ஒரு தீர்மானம் எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் வேலை முடிந்துவிட்டதாகச் சொன்னது. முடியவில்லை. அங்கேயே அடித்துத் திருத்தினார்கள். கேட்காமல் இருந்திருந்தால் வேலை முடிந்தது என்று எங்கள் ஊரே கைரேகை வைத்துச் சொன்னதாக ஆகியிருக்கும். நம் வாயில் யாரோ வார்த்தையை வைத்துவிட்டுப் போவதைத் தடுக்க ஹைகோர்ட் அங்கே வந்து உட்காராது, நாம்தான் உட்கார வேண்டும்.

ஆகஸ்ட் 17

இரண்டு பேர் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். 73ஆவது திருத்தம், 1993 ஏப்ரல் 24லிருந்து நடப்பில் இருக்கிறது. அரசியலமைப்பில் 243-ஏ பிரிவே கிராம சபைக்குத்தான். நம் மாநிலத்துக்கு 1994 ஊராட்சிகள் சட்டம். முன்பு வருடத்துக்கு நாலு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோருமே உறுப்பினர்தான். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் பத்தில் ஒரு பங்கு ஆள் இருக்க வேண்டும்.

தண்டோரா போட்டுச் சொன்னார்களா என்று ஒரு தாத்தா கேட்டார். தண்டோரா இப்போது இல்லைங்க, 2022ல் அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வருகிறது. எங்கள் மேட்டுத் தெருவுக்கு ஆட்டோ ஏறாது, அதனால் சேதியும் ஏறுவதில்லை. இதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, காலை

திருத்தம். பத்தில் ஒரு பங்கு என்று நேற்று எழுதியது தவறு, அது கேரளத்துக் கணக்கு. நம் மாநிலத்தில் ஊராட்சியின் மக்கள் தொகையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். 500 பேர் வரை இருந்தால் 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நாங்கள் நூறு பேரைத் தாண்டித்தான் இருந்தோம், எண்ணிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, இரவு

முதல் நாள் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன். இரண்டு நாளாக அது உறுத்துகிறது.

எங்கள் ஊருக்கு மேலே ஓர் ஊற்று இருக்கிறது. கோடையில் மேட்டுத் தெருவுக்கு அதுதான் தண்ணீர். கீழே ஒருவர் ஹோம்ஸ்டே நடத்துகிறார், சேலத்திலிருந்து வந்து குடியேறி எட்டு வருடம் ஆகிறது. சனி ஞாயிறில் வண்டி வண்டியாக ஆட்கள், இரவு ஒரு மணி வரை பாட்டுச் சத்தம், காலையில் எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள் தூங்க முடிவதில்லை. அந்த ஊற்றிலிருந்து டேங்கரில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று நேற்று முன்தினம்... இல்லை, 15ஆம் தேதி கூட்டத்தில் தீர்மானம் வந்தது. அவர் எழுந்து "ஒரு நிமிஷம், நான்..." என்றார். அவ்வளவுதான், நாலு பக்கமும் கத்தல். "உக்காருய்யா", "ஊருக்குப் போ." கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளராக வந்திருந்த அதிகாரி தலை நிமிரவில்லை. நானும் கத்தினேன். "எங்க தண்ணியைக் குடிச்சுட்டு எங்ககிட்டயே பேசறீங்களா?" என்று கேட்டது நான்தான். கை தட்டினார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அதே கையால் அரை மணி நேரத்துக்கு முன்பு நோட்டை மூடி மடியில் வைத்திருந்தேன். தீர்மானம் சரியானது, இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றமில்லை. அவரைப் பேசவிடாமல் எழுதியது தவறு.

ஆகஸ்ட் 19

இன்று மிளகுக் கணக்கு முடிக்க சேலம் இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் மழையில் நனைந்து கிடந்தன. இறங்கினதோடு பத்து ரூபாய்க்கு கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி, 15ஆம் தேதி தீர்மானங்களின் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஒருவருடைய உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்தான், இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆகஸ்ட் 23

காட்டமான பதில்கள் வந்திருக்கின்றன. சுருக்கமாக: "வெளியூர்க்காரன், பணக்காரன், அவனுக்கு எதுக்குங்க்கா வக்காலத்து?"

தம்பி, ஹோம்ஸ்டேக்காரர் பெயர் எங்கள் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. கிராம சபையில் அவரும் நானும் ஒன்று. எட்டு வருடம் இருந்தவர் வெளியூர் என்றால், இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி மலை ஏறி வந்த நான் யார்? எத்தனை வருடம் இருந்தால் பேசலாம் என்று யார் முடிவு செய்வது?

வக்காலத்து என்றதும் சேலம் விஜயராகவாச்சாரியார் ஞாபகம் வருகிறார். 1882ல் சேலத்தில் இந்து முஸ்லிம் கலவரம். தூண்டிவிட்டார் என்று இவரைப் பிடித்துப் பத்து வருடத் தண்டனை கொடுத்தார்கள். முப்பது வயது வக்கீல், சேலம் நகராட்சி உறுப்பினர். மேல்முறையீட்டில் ஹைகோர்ட் விடுதலை செய்தது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தன்னோடு தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்ட மற்றவர்களுக்காக அலைந்தார். நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியது செல்லாது என்று வழக்குப் போட்டு நூறு ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார். 1920ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். எனக்கு அந்த நூறு ரூபாய் வழக்குதான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு நகராட்சி நாற்காலிதானே என்று அவர் விடவில்லை.

ஆகஸ்ட் 24

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு ஐயா எழுதியிருக்கிறார், விஜயராகவாச்சாரியார் சேலத்தில் பிறந்தவர் மாதிரி நான் எழுதிவிட்டேன் என்று. அப்படி எழுதவில்லை, ஆனால் படிக்கிறவர்களுக்கு அப்படித் தோன்றலாம், சரி. பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில். வந்து சேர்ந்த ஊருக்காகத்தான் இவ்வளவும் செய்தார். நன்றி ஐயா, நேற்று நான் சொல்ல வந்ததற்கே இது பலம்.

அதே ஐயா சேலம் சிறையையும் எழுதச் சொல்கிறார். 1950 பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு, 22 பேர் இறந்தார்கள். அரசியலமைப்பு நடப்புக்கு வந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. தினமும் பஸ்ஸில் அந்த மதிலைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகஸ்ட் 27

முதலில் கேள்வி கேட்ட வாழப்பாடி அண்ணன் திரும்ப வந்திருக்கிறார். "எல்லாம் சரி, ஆனா பெரிய விஷயம்னா கோர்ட்தானே?" அண்ணா, சேலம் சென்னை எட்டு வழிச் சாலை உங்களுக்குத் தெரியாததா? 277 கிலோமீட்டர். 2018ல் நிலம் அளக்க வந்தபோது எதிர்த்துப் பேசியவர்களைக் கைது செய்ததைப் பார்த்தோம். 2019 ஏப்ரல் 8ல் ஹைகோர்ட் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8ல் சுப்ரீம் கோர்ட் திட்டத்துக்கு வழிவிட்டது. கோர்ட் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழக்குக்கு முன்னால் தன் வயலில் தன் பெயரில் நின்று 'எனக்குச் சம்மதம் இல்லை' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் கோர்ட்டுக்குப் போக என்ன இருந்திருக்கும்?

செப்டம்பர் 3

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. நாத்தனார் மகன் சேலத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். ஊரில் போட்ட ரோடு இரண்டே மாதத்தில் பெயர்ந்ததைப் படம் எடுத்து, எவ்வளவு செலவு, யார் அளந்தது என்று கேட்டு வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். நகரத்தில் ஒரு காவல் நிலையத்திலிருந்து போன், "வந்துட்டுப் போப்பா." அவ்வளவுதான். எதற்கு, எந்தப் பிரிவு, ஒன்றும் இல்லை. அவன் அம்மா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள்.

நான், அவன், அவன் மாமா மூன்று பேரும் போனோம். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள் என்று கேட்டேன். கைது செய்யத் தேவையில்லாத வழக்கில் ஒருவரை ஆஜராகச் சொன்னால் எழுதித்தான் சொல்ல வேண்டும், ஜூலை 1லிருந்து வந்திருக்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 35(3), பழையதில் 41-ஏ. அங்கிருந்த இளம் காவலர், "ஐடி ஆக்ட் 66-ஏ இருக்குதும்மா" என்றார். இணையப் பதிவுக்காகத் தண்டிக்கிற அந்தப் பிரிவை சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச் 24ஆம் தேதியே ரத்து செய்துவிட்டது. சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் முகம் இறுகிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். அந்தக் காவலர் பையனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும், பத்துப் பேர் முன்னால் அவனைத் தாழ்த்திப் பேசினால் அவன் எப்படி இறங்கி வருவான்? மறுபடி போய், "தம்பி, கோபிச்சுக்காதீங்க. நீங்க கூப்பிட்டா அவன் வருவான், எங்கயும் ஓட மாட்டான். ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க, அது உங்களுக்கும் நல்லது" என்றேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். இனிமேல் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவன் எழுதியது இது: 'நான் போட்ட படம் உண்மையானது. அதில் யார் பெயரும் இல்லை. விசாரணைக்கு எழுத்து மூலம் அழைத்தால் வருவேன்.' இரண்டு பிரதி. ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

செப்டம்பர் 4

ஒன்று விட்டுப்போயிற்று. அவன் பதிவில் கான்ட்ராக்டரைச் சாதி தொனிக்க ஒரு வார்த்தை திட்டியிருந்தான். வரும் வழியில் அதை எடு என்றேன். "வார்த்தையும் என் உரிமைதானே அத்தை?" என்றான். பஸ் ஏற்காடு அடிவாரம் வருகிற வரைக்கும் பேசினோம். போலீஸ் சொல்லி எடுக்கக் கூடாது, அதில் நான் அவன் பக்கம். நான் சொல்லி அவனாக எடுப்பது வேறு. அந்த வார்த்தை இருக்கிற வரை எல்லோரும் வார்த்தையைத்தான் பேசுவார்கள், ரோட்டை யாரும் பேச மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு எடுத்துவிட்டான். படமும் கேள்வியும் அப்படியே இருக்கின்றன.

செப்டம்பர் 13

நகல் வந்துவிட்டது. ஏழு பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய், பதினாலு ரூபாய் கட்டினேன். ஊற்றுத் தீர்மானத்தின் கீழே: 'விவாதிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.'

விவாதிக்கவும் இல்லை, ஏகமனதும் இல்லை. ஒரு மனிதர் எழுந்து நின்றார், உட்கார வைத்தோம். அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது, நானே போட்டது. சத்தமாகப் படிக்கச் சொன்னேன், படித்ததைக் காதில் வாங்கவில்லை.

செப்டம்பர் 15

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி: டவுனில் இருக்கிறவர்களுக்கு இப்படி ஒன்றும் இல்லையா? இருக்கிறது. மாநகராட்சியில் வார்டு குழு, பகுதி சபை என்று 2022ல் விதி வந்தது, முதல் பகுதி சபை அந்த வருடம் நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் நடந்தது. சேலத்துக்கு 60 வார்டு. உன் கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேள், தேதி வாங்காமல் வராதே. தெருவில் நாலு பெண்களோடு போ. தனியாகப் போனால் குறை சொல்ல வந்தவள் ஆகிவிடுவாய். சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட அந்த நாலு பேரும் சேர்கிறீர்கள் இல்லையா, அங்கேயே பேசி வைத்துக்கொள்.

செப்டம்பர் 22

செம்மேடு போகிற வழியில் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடியிருப்பு... இல்லை, செம்மேடு கொல்லிமலையில், நேற்று அங்கே போய்வந்த நினைப்பில் எழுதிவிட்டேன். எங்கள் பக்கத்துக் குடியிருப்பில்தான். அங்கே பெரியவர் ஒருவர் சொன்னது: வன உரிமைச் சட்டம் 2006ல் மனுவைத் தொடங்கி வைப்பதே கிராம சபைதான், அதிகாரி இல்லை. அந்தக் கூட்டத்துக்கு இந்த 50, 100 கணக்கு போதாது. உறுப்பினர்களில் பாதிப் பேர் வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். எஸ்டேட் வேலை நாளில் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் எப்படி வருவார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று கேட்டு மனு எழுதினோம், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

செப்டம்பர் 29

ஹோம்ஸ்டேக்காரர் வீட்டுக்குப் போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை. காபி கொடுத்தார். "அன்னைக்கு நான் உங்களைப் பேச விடலை, அது தப்பு, 2ஆம் தேதி வாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வந்தா மறுபடி கத்துவாங்கம்மா" என்றார். "நான் கத்த மாட்டேன், பக்கத்துல உட்காருவேன்" என்றேன். எழுந்து வரும்போது பாட்டுச் சத்தத்தையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அக்டோபர் 2, இரவு

நடந்துவிட்டது. ஆட்டோ ஏறாத மேட்டுத் தெருவுக்கு இந்தத் தடவை ஆள் அனுப்பிச் சொன்னார்கள், அங்கிருந்து மட்டும் முப்பது பேருக்கு மேல். நோட்டு கடைசியில்தான் வந்தது.

நான் எழுந்து, ஆகஸ்ட் தீர்மானத்தில் ஏகமனதாக என்று இருப்பது உண்மையில்லை, ஒருவர் ஆட்சேபம் சொல்ல எழுந்தார், அதில் நானும் கத்தினேன், அவரைக் கேட்டு அதையும் பதிய வேண்டும் என்றேன். சலசலப்பு. பழைய பக்கத்தில் கை வைக்க முடியாது, புதிதாகத்தான் எழுத முடியும் என்றார் செயலர். அது சரிதான். பெரியம்மா, அன்று விரலைத் துடைத்தவர், "பேசட்டும் விடுங்கப்பா, கேட்டா காது கரைஞ்சா போயிடும்?" என்றார்.

ஹோம்ஸ்டேக்காரர் ஆறு நிமிடம் பேசினார். டேங்கர் இரண்டு வண்டி தன்னுடையது இல்லை, மேலே வேறு ஒரு கட்டட வேலைக்குப் போகிறது என்றார். வண்டி எண் எழுதி வைத்திருந்தார். இரண்டு பேர் எழுந்து ஆமாம் என்றார்கள். தன்னுடைய ஒரு வண்டி உண்மை என்றும் ஒப்புக்கொண்டார். தடை கூடாது, வாரத்துக்கு ஒரு வண்டி வேண்டும் என்றார். மேட்டுத் தெருப் பெண்கள் முடியாது என்றார்கள், ஒவ்வொருத்தியும் எழுந்து தன் பெயர் சொல்லிச் சொன்னாள். கை தூக்கச் சொன்னார்கள். தடை நின்றது. நானும் தடைக்குத்தான் கை தூக்கினேன்.

நோட்டில் இப்போது எழுதியிருப்பது: 'பெரும்பான்மையாக நிறைவேற்றப்பட்டது. ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார்.' கீழே அவர் சொன்ன காரணம் நாலு வரி, கட்டட வேலைக்குப் போகும் வண்டிகளின் எண்ணோடு. செயலர் படித்துக் காட்டினார், இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்டேன்.

அக்டோபர் 5

ஒருவர் கேட்கிறார், "அவர் இப்போ உங்ககூடப் பேசறாரா?" சந்தையில் பார்த்தேன், தலையசைத்தார். பாட்டுச் சத்தம் நேற்றும் பன்னிரண்டு மணி வரை இருந்தது. நவம்பர் 1ஆம் தேதிக் கூட்டத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், பிரதி ஒன்றை முன்கூட்டியே அவர் கையில் கொடுக்கப் போகிறேன்.

வாழப்பாடி அண்ணா, உங்கள் ஊரில் அக்டோபர் 2 கூட்டத்துக்குப் போனீர்களா?